உப்பு இருக்குது

— செருப்பக் கழட்டு கலைமதி. கட்டின பையையும் எறக்கிக் கட்டிலுக்குக் கீழ தள்ளு. நீ இன்னிக்கு வீட்டுக்குப் போகல.

— இன்னா நர்ஸம்மா, காலையில போலாம்னு சொன்ன வாய்தான இது? பேரப்புள்ளைக்குத் தொப்பி போட்டு, மருமவளுக்குக் காதுல பஞ்சு வெச்சி, கெளம்பி நின்னா இப்ப மாத்திப் பேசற?

— அது காலையில, பாப்பாம்மா. இப்ப உங்க மருமகளோட யூரின் ரிசல்ட் வந்திருக்கு. உப்பு இருக்குது. அதுவும் மூணு பிளஸ்.

— உப்பா? அடி எம்மா! மரக்காணத்துக்காரி ஒடம்புல உப்பு இல்லாம சக்கரையா இருக்கும்? கல்யாணம் ஆன மறுநாள்லேருந்து எங்கூட உப்புப் பாத்தியில நிக்கிறவ இவ. காலு உப்பு, கை உப்பு, கட்டின சேல உப்பு. ஒனக்கு வேணும்னா என்னைக்கூட சோதிச்சிப் பாரு, மூட்டையே கட்டலாம்.

— சிரிக்கிற விஷயம் இல்ல. கொஞ்சம் நகருங்க. கலைமதி, என்னைப் பாத்து சொல்லு. தலைவலி இருக்கா?

— இல்ல சிஸ்டர்.

— கண்ணு மங்குதா? கூசுதா?

— இல்ல. நல்லாத்தான் தெரியுது.

— நெஞ்சுக்குழிக்குக் கீழ வலி?

— அதுவும் இல்ல சிஸ்டர்.

— முகத்துல வீக்கம் இல்ல, கால்ல இல்ல. பி.பி.யும் சரியா இருக்கு. மெஷின் பொய் சொல்லுதோன்னு பக்கத்து வார்டுலேருந்து வேற ஒண்ணு கொண்டாந்து பாத்துட்டேன். அதுலயும் சரியா இருக்கு. ஆனா யூரின்ல மட்டும் இவ்ளோ உப்பு. ஒண்ணுக்கொண்ணு ஒத்தே வரல. எதையாவது மறைக்கறியா?

— நான் எத மறைக்கப் போறேன்?

— அப்ப ஏன் பதில் சொல்லும்போதெல்லாம் குழந்தையப் பாக்கற?

— தோ பாரு நர்ஸம்மா, போலீஸு மாதிரி கேக்காத. ரெண்டு மெஷினும் நல்லாருக்கான்னு சொல்லுது, அவளும் நல்லாருக்கேன்றா. நீ ஒருத்திதான் இல்லைன்ற. வெளிய வந்து வானத்தப் பாரு. கடல் பக்கம் கருத்துக்கினு வருது. எம்மவன் அய்யனாரு ஒண்டி ஆளா உப்பக் குமிச்சி மூடிக்கினு இருக்கான். ஒரு மழை போதும், வாரின அம்புட்டும் தண்ணியாப் பூடும்.

— அதுக்காக பெத்து மூணு நாள் ஆன பொண்ணக் கொண்டுபோய் உப்பு மூட விடப் போறீங்களா?

— இவளயா? நான் மூடுவேன். இவ வூட்டுல என் கண்ணுக்கு முன்னால படுத்துக் கெடக்கணும். அவ்ளோதான்.

— ரெண்டு நாள் எங்க கண்ணு முன்னால இருக்கட்டுமே.

— இந்த ரெண்டு நாள் கதைய எங்கிட்ட சொல்லாத! எம்பொண்ணு தமிழ்நிலாவ இப்படித்தான் "ரெண்டு நாள் இருக்கட்டும்"னாங்க. புள்ள பெத்து பச்ச ஒடம்புக்காரி. காலையில வூட்டு வாசல்ல நின்னு எங்கிட்ட பேசினவ, தானே நடந்து போயி ஆட்டோ ஏறினவ. சாயந்தரம் துணி மூடிக் குடுத்தாங்க. இன்னா ஆச்சுன்னு ஒருத்தர் வாயத் தொறக்கல.

— எந்த ஆஸ்பத்திரியில பாப்பாம்மா?

— எந்த ஆஸ்பத்திரியா இருந்தா இன்னா? எல்லாத்துலயும் இதே நாத்தம்தான், இதே பச்சத் துணிதான். ஒருத்திய விட்டுட்டு வந்தது போதும். இன்னொருத்திய விட மாட்டேன்.

— ...எனக்குப் புரியுது. ஆனா என் பேச்சையும் கேளுங்க. நான் இன்னொரு தடவ டெஸ்ட் பண்றேன். அதுல உப்பு இல்லைன்னா நானே உங்க ஆட்டோவுக்குக் கதவப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன். கலைமதி, இந்தா பாட்டில். பாத்ரூம் போயிட்டு வா.

— இப்ப... இப்ப வரல சிஸ்டர்.

— காலையில வந்துதே.

— இப்ப வரல.

— இவ ஒருத்தி! வா, வரலன்னு சின்னப் புள்ளையாட்டம். எம்மா கலைமதி, கெளம்பற நேரத்துல உயிர வாங்காத. நான் போயி ஆட்டோ இட்டாறேன். வந்து பாக்கும்போது நீ செருப்போட நிக்கற. புள்ளைய நல்லா மூடி வையி, காத்து அடிக்குது.

— சரி அத்தே.

— பாப்பாம்மா, ஆட்டோ வந்தாலும் நான் அனுப்ப மாட்டேன், சொல்லிட்டேன்!

— நீ அனுப்பாத. நானே இட்டும் போறேன்!

— ...கலைமதி, உங்க மாமியார் போயாச்சு. இப்ப சொல்லு.

— என்ன சொல்றது சிஸ்டர்?

— அவங்களுக்குப் பயந்து வலிய மறைக்கறியா? எங்க ஊரு கிளியனூர். உங்க பக்கத்துப் பொண்ணுங்க பனிக்குடம் உடைஞ்சாக்கூட, வாரின உப்பக் கரையில கொட்டிட்டுத்தான் வருவாங்க. எனக்குத் தெரியும். தலை வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு.

— சத்தியமா எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர். நான் இங்கயே இருக்கறேன். அத்த வந்தா நீங்க மட்டும் விட்டுடாதீங்க. டெஸ்ட் எதுக்கு இன்னொண்ணு? அதான் உப்பு இருக்குதே.

— இது நல்லா இருக்கே. மத்தவங்க எல்லாம் எப்ப அனுப்புவீங்கன்னு என் உயிர எடுக்கறாங்க. நீ இருக்கேன்ற. ஏன்?

— ஏன்னா... சிஸ்டர், எனக்குத் தையல் போட்டிருக்குது. வூட்டுல தரையில உக்காந்து எழணும். கக்கூஸ் ரோட்டுக்கு அந்தாண்ட இருக்குது. இங்க கட்டில் இருக்குது, வெந்நி குடுக்கறாங்க. நீங்க திட்டறீங்க, ஆனா படுக்க விடறீங்க. அங்க யாரும் திட்டக்கூட மாட்டாங்க. சும்மா பாத்துக்கிட்டே இருப்பாங்க.

— உங்க மாமியாரு?

— அது என்னமோ அப்படித்தான். மாசமான நாளா கண்ண எடுக்காமப் பாக்கும். வேலை செய்யலன்னு பாக்குதோ, என்னான்னு பாக்குதோ. எனக்கு பயமா இருக்கும்.

— சரி, அத அப்புறம் பேசலாம். இரு, டாக்டர் போன்ல வர்றார். ...சார். ஆமா சார், கலைமதிதான். இல்ல சார், பி.பி. ஏறவே இல்ல. மூணு பிளஸ், நானே பாத்தேன். சரி சார். வரலைன்னா டியூப் வெச்சு எடுக்கறேன். அதுலயும் வந்தா வண்டிக்குச் சொல்லிடறேன்... சரி சார்.

— வண்டியா? எந்த வண்டி?

— நூத்தி எட்டு. இன்னொரு தடவ உப்பு வந்தா உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்றார்.

— அய்யோ, நான் இங்கதான் இருக்கறேன்னு சொன்னேன்! அவ்ளோ தூரம் எதுக்கு? உப்புக்கு எதுக்கு வண்டி?

— கலைமதி, நீ உப்புன்னா என்னன்னு நெனச்சிட்டிருக்க?

— உப்புன்னா உப்புதான். நாங்க நிக்கிற தண்ணி, வேர்வை. ஒடம்புக்குள்ள எறங்கியிருக்கும். நாலு நாள் நெறைய தண்ணி குடிச்சா கரைஞ்சிடும். அதானே?

— கடவுளே. யாரு இந்த வார்த்தைய வெச்சாங்களோ. அதுவும் இந்த ஊருக்கு. கேளு, இது சமையல் உப்பு இல்ல, உங்க பாத்தி உப்பும் இல்ல. நாங்க சும்மா பழக்கத்துல உப்பு, உப்புன்னு சொல்லிக்கிட்டே இருக்கோம். ரத்தத்துல இருக்க வேண்டிய சத்து சிறுநீரகம் வழியா ஒழுகுது. அதுக்குத்தான் அப்படி ஒரு பேரு.

— ஒழுகினா?

— பிரசவம் ஆன பொண்ணுக்கு அது ஒழுகி, பி.பி.யும் ஏறிச்சுன்னா, மூளைக்குப் போகும். கையும் காலும் வெட்டி இழுக்கும். வலிப்பு வந்தவ அப்படியே போயிடுவா. குழந்தை பொறந்தாச்சு, ஆபத்து முடிஞ்சுதுன்னு எல்லாரும் நெனப்பாங்க. முடியல. வீட்டுக்குப் போன அப்புறம்கூட வரும். அதனாலதான் இந்த வார்டுல போற எல்லார்கிட்டயும் ஒரு பாட்டில் குடுக்கறேன்.

— வூட்டுக்குப் போன அப்புறம்கூடவா சிஸ்டர்?

— பயமுறுத்தணும்னு சொல்லல. நீ நெலமையப் புரிஞ்சுக்கணும். எந்திரி, டியூப் வைக்கணும்.

— சிஸ்டர்... அதுக்கு முன்னாடி தலை வலிக்குமா?

— வலிக்கும். எந்த மாத்திரைக்கும் கேக்காது.

— கண்ணு கூசுமா? ஃபேனு, ஜன்னலு, எதையும் பாக்க முடியாம?

— ஆமா. எப்பலேருந்து இருக்கு உனக்கு?

— நேத்து சாயந்தரத்துலேருந்து. தலையில துணிய இறுக்கிக் கட்டிக்கிட்டு, செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டு...

— நேத்துலேருந்தா? காலையில ரவுண்ட்ஸ்ல கேட்டேனே! இப்பக்கூட கேட்டேனே! ஏன் சொல்லல?

— எனக்கு இல்ல சிஸ்டர்.

— பின்ன யாருக்கு?

— செல்வியக்காவுக்கு.

— எந்தச் செல்வி? பக்கத்துக் கட்டில் ஆரோக்கியசெல்வியா? அவ காலையிலயே டிஸ்சார்ஜ் ஆகிப் போயிட்டாளே. அவ யூரின் சுத்தமா இருந்துது, நானே பாத்தேன்.

— அது என்னுது.

— என்னது?

— சுத்தமா இருந்தது என்னுது. அந்த உப்பு அவங்களுது. பாத்ரூம்ல பாட்டில மாத்திக்கிட்டோம் சிஸ்டர். எம்பேரு ஒட்டினதுல அவங்க, அவங்க பேரு ஒட்டினதுல நான்.

— ஏய்!

— அவங்களுக்கு மாசமா இருக்கும்போதே உப்பு இருக்குன்னு சொன்னாங்களாம். மறுபடியும் அதையே சொல்லிப் புடிச்சி வெச்சுக்குவாங்கன்னு பயந்தாங்க. மூத்த பொண்ணு வூட்டுல தனியா இருக்குது, மழை வேற வருது, அவங்க வூட்டுக்காரரு மரியதாஸ் அண்ணன் ஒருத்தரே உப்ப மூடணும். "நீ இருக்கணும்ன்ற, நான் போவணும்ன்றேன், ரெண்டு பேரும் ஒரே தட்டுல வாரின உப்புதானே, யாரு பேர்ல போனா என்னடி"ன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன் சிஸ்டர். நான் வெறும் உப்புன்னு...

— அழாத. அழறதுக்கு நேரமில்ல. காலையில அவ பி.பி. கொஞ்சம் ஏறித்தான் இருந்துது. யூரின் சுத்தமா இருக்கே, தூக்கம் இல்லாத பி.பி.ன்னு மாத்திரை எழுதி அனுப்பிட்டாங்க. அவ நம்பர் இருக்கா உங்கிட்ட?

— இருக்குது. இந்தாங்க.

— ...ஸ்விட்ச் ஆஃப். புருஷன் நம்பர்?

— இதான்.

— அடிக்குது... எடு, எடுப்பா... எடுக்கல. மறுபடியும் போடறேன். அடி பாவி, நான் மொதல் கேள்வி கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே! வாயத் தொறந்து ஒரு வார்த்தை!

— நீங்கதான் வாய மூடுன்னீங்க.

— நானா? எப்ப?

— பிரசவ ரூம்ல. நான் கத்தினேன். "வாய மூடு, நீ ஒருத்திதான் பெக்கறியா"ன்னு தொடையில அடிச்சீங்க. அப்ப பக்கத்து மேசையில செல்வியக்காவும் வலியோட படுத்திருந்தாங்க. அவங்கதான் கைய நீட்டி எங்கையப் புடிச்சிக்கிட்டாங்க. புள்ள வெளிய வர்ற வரைக்கும் விடல. அந்தக் கை கேட்டதை எப்படி சிஸ்டர் நான் உங்ககிட்ட காட்டிக் குடுப்பேன்? திட்டுங்க சிஸ்டர். ஆனா போன அடிங்க.

— திட்டல. அடிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். எடுக்கல. உன் வீட்டுக்காரரும் அந்தப் பக்கம்தானே வேலை செய்யறார்? அவருக்குப் போடு.

— போட்டேன். ...ஏங்க! ஏங்க, கேக்குதா? காத்து இரையுது, சத்தமாப் பேசுங்க. புள்ள நல்லாருக்குது, அதில்ல. மரியதாஸ் அண்ணன் அங்க இருக்காரா? ...தார்ப்பாய் கட்டிக்கிட்டு இருக்காரா? அப்ப செல்வியக்காவ யாரு கூட்டிக்கிட்டுப் போனது? ...என்ன சொல்றீங்க?

— என்னவாம்?

— யாரும் கூட்டிட்டுப் போகலையாம் சிஸ்டர். உப்ப மூடிட்டு பைக்க எடுத்துக்கிட்டு வர்றேன், பஸ் ஸ்டாப்புலயே உக்காருன்னு சொல்லியிருக்காராம். காலையிலேருந்து அங்கதான்... ஏங்க, அவர ஓடியாரச் சொல்லுங்க! உப்பு போனாப் போவுது, ஓடியாரச் சொல்லுங்க!

— நம்ம ஆஸ்பத்திரி முன்னாடி இருக்கற பஸ் ஸ்டாப்பா?

— அதேதான் சிஸ்டர்.

— அப்ப நான் போறேன். நீ இங்கயே இரு, ரெண்டு குழந்தைங்களப் பாத்துக்க... என்ன பேசறேன், அவ குழந்தை அவகிட்டதானே இருக்கு. அய்யோ, அவ கையில குழந்தை இருக்குமே. நிக்கும்போது வலிப்பு வந்தா...

— நர்ஸம்மா! ஏ நர்ஸம்மா!

— பாப்பாம்மா, இப்ப உங்ககூட சண்டை போட நேரம் இல்ல. வழிய விடுங்க, நான் பஸ் ஸ்டாப்புக்கு...

— பஸ் ஸ்டாப்புல யாரு இருக்கறா? மொதல்ல இந்தப் புள்ளையப் புடி. கலைமதி, நீ ஏந்திக்க, தலையப் பாத்து.

— இது யாரோட குழந்தை அத்தே?

— ஒன் பக்கத்துக் கட்டில்காரியுது. ஆட்டோக்காரரு அவளத் தூக்கிக்கினு பின்னால வர்றாரு. எப்பா, தோ இந்தக் கட்டில்ல போடு. மெதுவா! தலைய இடிக்காத!

— செல்வியக்கா! அக்கா!

— நகரு கலைமதி. பாப்பாம்மா, இடது பக்கமா சாய்ச்சுப் படுக்க வைங்க. அப்படித்தான், புடிச்சுக்குங்க. செல்வி, என் குரல் கேக்குதா? ...தலைய ஆட்டறா. கை கால் இழுத்துதா பாப்பாம்மா? வழியில வலிப்பு வந்துதா?

— வரல. நின்னுக்கினுதான் இருந்தா. ஆட்டோவுல திரும்பி வர்றப்ப பாத்தேன், கையில இருந்த புள்ளைய முன்னால நீட்டி, "இந்தாங்க, புடிங்க, புடிங்க"ன்றா. அங்க ஆள் இல்ல. வெறும் கரண்ட் கம்பம். வண்டிய நிறுத்துடான்னு குதிச்சேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கையத் தளர்த்தியிருப்பா.

— பி.பி.... ஏசுவே, இப்படியா ஏறியிருக்கு! கலைமதி, அந்த மூலையில சிவப்பு டப்பா இருக்கு பாரு, எடு. குழந்தைய உன் மாமியார்கிட்ட குடுத்துட்டு எடு. சார்! சார், உடனே வார்டுக்கு வாங்க. கலைமதிக்கு இல்ல சார், ஆரோக்கியசெல்விக்கு. வந்து சொல்றேன். ஊசிய இப்பவே போட ஆரம்பிக்கறேன்.

— இந்தாங்க சிஸ்டர். இதுவா?

— இதான். செல்வி, ஊசி போடற எடம் சூடா எரியும், கண்ணு. கத்தணும்னா கத்து. நல்லா கத்து. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

— அக்கா, நான் இங்கதான் இருக்கறேன். தோ, எங்கையப் புடிச்சிக்குங்க. இறுக்கிப் புடிங்க.

— ஆச்சு. ஒரு பக்கம் போட்டாச்சு. இன்னொரு பக்கமும்... ஆச்சு.

— பொழச்சிக்குவாளா நர்ஸம்மா?

— டாக்டர் வந்துட்டு இருக்கார், வண்டிக்கும் சொல்லியாச்சு. இப்பவே எதுவும் சொல்ல முடியாது. ஆனா வலிப்பு வர்றதுக்கு முன்னாடி கொண்டாந்துட்டீங்க. அதுல பாதி ஜெயிச்சாச்சு. ஒரு மணி நேரம் கழிச்சு நீங்க அந்த வழியாப் போயிருந்தா, நான் இந்த ஊசிய யாருக்குப் போடறதுன்னு தேடியிருக்கணும்.

— அத்தே... நான் ஒண்ணு சொல்லணும். அந்த பாட்டில...

— அத அப்புறம் சொல்லிக்கலாம் கலைமதி. பாப்பாம்மா, உங்க மருமகளுக்கு ஒண்ணும் இல்ல. உப்பு இவளோடது, பேரு மாறிப் போச்சு. நான் சொன்ன வார்த்தைய மாத்த மாட்டேன். நீங்க கூட்டிக்கிட்டுப் போலாம். கதவ நான் புடிச்சிக்கிறேன்.

— சரி சிஸ்டர். அத்தே, செருப்பு போட்டுட்டேன். போலாம்.

— கழட்டுடி.

— அத்தே?

— செருப்பக் கழட்டிட்டு ஏறிப் படு. ரெண்டு நாள் இல்ல, நாலு நாள் ஆனாலும் இவங்க கண்ணு முன்னாலயே இரு. ஆட்டோவ அப்பவே அனுப்பிட்டேன். நர்ஸம்மா, இந்தப் பொண்ணு பஸ் ஸ்டாப்புல எங்கையப் புடிச்சிக்கினு இன்னா சொன்னா தெரியுமா? "எல்லாமே உப்புப் பாத்தி மாதிரி வெள்ளையாத் தெரியுது"ன்னா. மழை மேகம் கட்டி, ஊரே இருட்டிக் கெடக்குது, அப்ப சொல்றா. எம்பொண்ணு தமிழ்நிலாவும் அன்னிக்குக் காலையில வாசல்ல நின்னு எங்கிட்ட இதே வார்த்தையதான் சொன்னா. நாங்க வெயில்னு நெனச்சோம்.